மெல்ல எரியும் மருந்து என்றால் பலம் குறைந்த மருந்தா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் துவக்கு, தோட்டா, மருந்து பற்றிய கேள்விகள் நிறைய. வெளிநாட்டில் லைசென்ஸ் எடுத்து வேட்டைக்குப் போகும் நம்மவர்கள் கூடிவிட்டார்கள். அவர்கள் தொலைபேசியில் கேட்பதை இங்கே இருப்பவர்கள் எனக்கு எழுதுகிறார்கள். மெல்பேர்னில் இருந்த காலத்தில் அங்குள்ள துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் தோட்டா நிரப்பிப் பழகியவன் என்பதால், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: மச்சான் கனடாவில், அல்பேர்ட்டாவில் இருக்கிறார். மான் வேட்டைக்கு .270 வின்செஸ்டர் ரைபிள் வைத்திருக்கிறார். தோட்டாவை இனித் தானே நிரப்பப் போகிறாராம். கடைக்காரர் “மெல்ல எரியும் மருந்து வாங்குங்கள்” என்று 4350, 4831 என இரண்டு டின்களைக் காட்டியிருக்கிறார். மெல்ல எரிந்தால் குண்டும் மெல்லத்தானே போகும்? எனக்கும் விளங்கவில்லை. – வாசகர், வெல்லாவெளி

குண்டு மெல்லப் போகாது. .270 போன்ற ஒரு ரைபிளில் மெல்ல எரியும் மருந்துதான் குண்டை வேகமாக அனுப்பும். கேட்கும்போது தலைகீழாக இருக்கும், ஆனால் உள்ளே நடப்பதைப் பார்த்தால் இதில் புதிர் ஒன்றும் இல்லை.

மருந்து பற்றியதிலிருந்து குண்டு குழல்வாயைத் தாண்டும் வரை ஆகும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கூடிப்போனால் அதைவிடக் கொஞ்சம் அதிகம். வேகம், மெதுவு என்று நாம் கதைப்பதெல்லாம் இந்த நேரத்துக்குள் நடக்கிற வித்தியாசம்தான். வேகமாக எரியும் மருந்து, குண்டு அசையத் தொடங்கும்போதே தன்னிடமுள்ள வாயுவை எல்லாம் கொட்டிவிடும். அழுத்தம் சட்டென்று உச்சிக்குப் போய், குண்டு முன்னே நகர நகர விழுந்துவிடும். மெல்ல எரியும் மருந்தோ குண்டு நகர்ந்து பின்னால் இடம் பெருகப் பெருக இன்னும் எரிந்து வாயுவைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கரையில் கிடக்கும் தோணியை ஓங்கி ஒரு உதை உதைப்பதற்கும், தோளைக் கொடுத்து தண்ணீர் வரை தள்ளிக்கொண்டே போவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. ஓங்கி உதைத்தால் தோணிப் பலகைதான் உடையும்.

ஏன் ஓங்கி உதைக்க முடியாது என்றால், ரைபிள் தாங்கும் அழுத்தத்துக்கு ஒரு உச்ச வரம்பு இருக்கிறது. .270 வின்செஸ்டருக்கு அமெரிக்க உற்பத்தியாளர் தரம் வைத்திருக்கும் வரம்பு சதுர அங்குலத்துக்கு 65,000 இறாத்தல். எந்த மருந்தைப் போட்டாலும் அதைத் தாண்டக் கூடாது. வேக மருந்தில் கொஞ்சம் போட்டதுமே அந்த வரம்பு வந்துவிடும், அதற்குமேல் போட முடியாது. பொருத்தமான மெல்ல எரியும் மருந்தில், கோது (தோட்டாவின் பித்தளைக் கூடு) ஏறக்குறைய நிறையும் புத்தக அளவைப் போட்டாலும் வரம்புக்குள் நிற்கும், அந்த அழுத்தம் நெடுநேரம் குண்டைத் தள்ளும். அதே உச்ச அழுத்தத்தில் கூடுதல் வேகம் கிடைப்பது இப்படித்தான்.

மருந்து ஒன்று வேகமாகவும் இன்னொன்று மெதுவாகவும் எரிவதற்குக் காரணம் மணியின் பருமன், வடிவம், மேலே பூசியிருக்கும் தடுப்புப் பூச்சு ஆகியவை. இன்றைய புகையில்லா மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ், சிலவற்றில் நைட்ரோகிளிசரினும் சேரும். பிரான்சில் பால் வியெய் 1884இல் இதைத் துவக்குக்கு ஏற்ற மருந்தாக்கினார். இதில் கவனிக்க வேண்டிய குணம், அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறும். வெளியே தட்டில் கொட்டிப் பற்றவைத்தால் வெறுமனே சீறி எரிந்து முடியும், கோதுக்குள் அடைத்தால் கதையே வேறு. “கொஞ்சம் கூடப் போட்டால் கொஞ்சம் கூட அழுத்தம்” என்ற கணக்கு அதனால்தான் இங்கே செல்லாது. கொஞ்சம் கூடினால் அழுத்தம் பாய்ந்து ஏறும்.

சரி, எந்த மருந்து? கோது எவ்வளவு பெரிது, அதன் வாயில் நிற்கும் குண்டு எவ்வளவு ஒல்லி என்று முதலில் பாருங்கள். பெரிய கோதும் ஒல்லியான குழலும் என்றால் மெல்ல எரியும் மருந்து. .270 அப்படிப்பட்டதுதான், .30-06இன் பெரிய கோதை வாயில் ஒடுக்கி 1925இல் வெளியிட்டார்கள். அப்புறம் குண்டின் எடை. குண்டு பாரமானால் மெல்ல நகரும், அதற்கு இன்னும் மெல்ல எரியும் மருந்து வேண்டும். மச்சான் 130 கிரெய்ன் குண்டு போடுகிறார் என்றால் 4350, 4831 இரண்டுமே பொருந்தும். 150 கிரெய்னுக்குப் போனால் 4831 பக்கம் சாய்வேன். பக்கத்து வீட்டுக்காரர் .308 வைத்திருந்தால் இந்தக் கதை அவருக்கு இல்லை. அந்தக் கோது சிறியது, அதற்கு வார்கெட், 4895 போன்ற நடுத்தர வேக மருந்துகள்தான் சரி. 7 மில்லிமீற்றர் ரெமிங்டன் மேக்னமில் பாரக் குண்டு என்றால் எச் 1000 வரைக்கும் மெதுவாகப் போகலாம்.

கோது நிறைவதையும் பார்க்க வேண்டும். மருந்து கோதை ஏறக்குறைய நிரப்பினால் ஒவ்வொரு வெடியும் ஒரே மாதிரிப் பற்றும். மறதியாக இரண்டு முறை கொட்டினாலும் வழிந்து கண்ணுக்குத் தெரிந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு மெல்ல எரியும் மருந்தைச் சிபாரிசு செய்ய எனக்கு இந்த ஒரு காரணமே போதும். வேக மருந்தில் இரட்டை அளவு கோதுக்குள் சத்தமில்லாமல் அடங்கிவிடும், தெரிய வரும்போது ரைபிளின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டும் முகமும் போயிருக்கும்.

குழல் கட்டையென்றால் வேக மருந்து போட வேண்டும் என்று பலர் சொல்வார்கள், மச்சானின் காதிலும் விழும். நம்ப வேண்டாம். நீளக் குழலில் அதிக வேகம் தரும் மருந்துதான் பெரும்பாலும் கட்டைக் குழலிலும் அதிக வேகம் தரும். வாயில் தீப்பிழம்பும் சத்தமும் கூடும், அவ்வளவே.

எவ்வளவு போடுவது என்று நான் எழுத மாட்டேன். மருந்துக் கம்பனியும் குண்டுக் கம்பனியும் சோதித்து அச்சிட்ட புத்தகம் இருக்கிறது. அதில் அதே மருந்து, அதே எடைக் குண்டு உள்ள வரியில் ஆரம்ப அளவிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறட்டும். கோதின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு தட்டையானால், போல்ட் திறக்க இறுகினால் அங்கேயே நிறுத்தட்டும். இந்த அடையாளங்கள் தெரியும்போது அழுத்தம் ஏற்கெனவே கூடிவிட்டிருக்கும், அதனால் அடையாளம் வரவில்லையே என்று புத்தகத்தின் உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

கேள்வி: மகன் மெல்பேர்னில். பழைய அமெரிக்கப் புத்தகம் ஒன்றில் எச் 4831 என்று பார்த்து வைத்திருக்கிறான். நண்பன் கொடுத்த டின்னில் ஐ.எம்.ஆர். 4831 என்று இருக்கிறது. இலக்கம் ஒன்றுதானே, போடலாமா? – வாசகி, கல்லடி

போடக் கூடாது அக்கா. இன்றைக்கே மகனுக்குச் சொல்லிவிடுங்கள். இலக்கம் ஒன்று, மருந்து வேறு. ஐ.எம்.ஆர். 4831 சற்று வேகமாக எரியும். எச் 4831இன் உச்ச அளவை எடுத்து ஐ.எம்.ஆர். 4831இல் போட்டால் வரம்பைத் தாண்டும்.

ஒரே இலக்கம் வந்த கதை இதுதான். 4831 இரண்டாம் உலகப் போரில் 20 மில்லிமீற்றர் பீரங்கிக்குச் செய்த மருந்து. போர் முடிந்ததும் மிஞ்சிக் கிடந்ததை புரூஸ் ஹொட்ஜ்டன் என்ற அமெரிக்கர் மொத்தமாக வாங்கி வேட்டைக்காரர்களுக்கு மலிவாக விற்றார், அதுதான் எச் 4831. பீரங்கிக்காக மெதுவாகச் செய்தது .270 போன்ற பெரிய கோதுகளுக்கு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்திவிட்டது, அதற்கு முன் அவ்வளவு மெல்ல எரியும் மருந்து சாதாரண வேட்டைக்காரர் கைக்கு எட்டியதில்லை. 1970களில் டூபொண்ட் கம்பனி அதே இலக்கத்தில் தன் மருந்தை வெளியிட்டது, அதுதான் ஐ.எம்.ஆர். 4831, ஆனால் எரியும் வேகம் ஒத்துப்போகவில்லை.

இன்னொன்று. இன்றைய எச் 4831 அவுஸ்திரேலியாவிலேயே, முரே ஆற்றங்கரையில் உள்ள முல்வாலாத் தொழிற்சாலையில்தான் செய்யப்படுகிறது. அங்கே அதை ஏ.ஆர். 2213 எஸ்.சி. என்ற பெயரில் வாங்கலாம். எஸ்.சி. என்பது மணியைக் கட்டையாக வெட்டிய வகை, அளவைக் கருவியில் தடங்காமல் விழும். எச் 4350 அங்கே ஏ.ஆர். 2209. மகன் நண்பனின் டின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முத்திரை உடையாத டின்னாக வாங்கி, அந்த நாட்டுக் கம்பனி வெளியிட்ட அளவையே பார்க்கட்டும். யாரோ திறந்த டின்னில் என்ன இருக்கிறது என்று பார்வையால் சொல்ல முடியாது, எல்லாம் கறுத்த சாம்பல் நிறக் குச்சிகள்தான்.

கேள்வி: தம்பி நோர்வேயில். அவருடைய மகளுக்கு 6.5×55 ரைபிள் தோளில் உதைக்கிறதாம். மெல்ல எரியும் மருந்தையே பாதியாகக் குறைத்துப் போட்டால் மெதுவாக உதைக்காதா? – வாசகர், அக்கரைப்பற்று

இந்த யோசனை எல்லாருக்கும் வரும், அதனால்தான் ஆபத்து. மருந்தைக் குறைத்தால் ஆபத்தும் குறையும் என்று மனம் சொல்கிறது. மெல்ல எரியும் மருந்தைப் பெரிய கோதில் மிகக் குறைவாகப் போட்டபோது ரைபிள் சிதறிய சம்பவங்கள் இருக்கின்றன. பாதி நிறைந்த கோதைப் படுக்கையாக வைத்தால் மருந்து கீழே படுத்துவிடும், கேப்பின் தீ அதன் மேலாக ஓடிவிடும். முதலில் சரியாகப் பற்றாமல் குண்டை மட்டும் குழலின் தொடக்கத்துக்குத் தள்ளி, குண்டு அங்கே நின்ற நிலையில் மீதி மருந்து ஒன்றாகப் பற்றும் என்பது ஒரு விளக்கம். விளக்கம் எதுவானாலும், புத்தகத்தில் உள்ள ஆரம்ப அளவுக்குக் கீழே போகாதீர்கள் என்று மருந்துக் கம்பனிகள் சொல்வது சும்மா இல்லை.

உதை குறைய வேறு வழி இருக்கிறது. குண்டின் எடையைக் குறைக்கலாம். மருந்தை மாற்றலாம். எச் 4895 என்ற நடுத்தர வேக மருந்தை, புத்தகத்தில் அதற்குப் போட்டிருக்கும் உச்ச அளவின் 60 வீதத்துக்குக் கீழே போகாமல் குறைக்கலாம் என்று அதை விற்கும் கம்பனியே சொல்லியிருக்கிறது. அது அந்த மருந்துக்குச் சொன்னது, பக்கத்து டின்னுக்கு அல்ல. மெல்ல எரியும் மருந்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. அது எடையில் கூடுதலாகப் போகும், அந்த எடை முழுவதும் வாயுவாகிக் குழல்வாயால் பாய்வதால் உதையில் அதற்கும் பங்குண்டு.

பிள்ளை எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகிறாள் என்றால் நோர்வேயின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 10 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள குண்டு 100 மீற்றரில் 2200 ஜூல் சக்தியாவது வைத்திருக்க வேண்டும். பாரம் குறைந்த குண்டுக்கு வரம்பு இன்னும் உயரம். பழகுவதற்கு மெல்லிய தோட்டா, வேட்டைக்கு முழுத் தோட்டா என்று பிரித்து வைக்கச் சொல்லுங்கள், பெட்டியில் பெரிய எழுத்தில் எழுதியும் வைக்கட்டும். மிருகத்தைக் காயத்தோடு ஓடவிடுவது பாவம்.

கேள்வி: வெயிலும் குளிரும் மருந்தைப் பாதிக்குமா? – வாசகர், பொத்துவில்

பாதிக்கும், இரண்டு விதமாக. ஒன்று சுடும் நேரத்தில். சூடான மருந்து வேகமாக எரியும். குளிரில் உச்ச அளவுக்கு நிரப்பிய தோட்டாவை, நம்மூரில் கச்சான் வீசும் நாள் போன்ற வெயிலில் வண்டிக்குள் காயவிட்டுச் சுட்டால் அழுத்தம் வரம்பைத் தாண்டலாம். வெப்பத்துக்கு அதிகம் அசையாத மருந்துகள் இப்போது கிடைக்கின்றன, முல்வாலாவில் செய்யும் வகைகள் அதற்காகவே பெயர் எடுத்தவை. அல்பேர்ட்டா மச்சானும் இதைக் கவனிக்கலாம். கோடையில் சுட்டுப் பார்த்து ரைபிளின் குறிபார்க்கும் கருவியைத் திருத்திவிட்டு நவம்பர்ப் பனியில் வேட்டைக்குப் போனால், குண்டு கொஞ்சம் கீழே விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றது சேமித்து வைப்பதில். நைட்ரோசெல்லுலோஸ் காலப்போக்கில் தானாகவே சிதையும், சிதையும்போது அமிலம் வரும், அந்த அமிலம் சிதைவை இன்னும் வேகமாக்கும். வெப்பம் இதற்கு எண்ணெய் வார்க்கும். பிரெஞ்சுக் கடற்படைக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. 1907இல் இயேனா, 1911இல் லிபேர்த்தே என்று இரண்டு போர்க்கப்பல்கள் தூலோன் துறைமுகத்திலேயே வெடித்தன, கெட்டுப்போன மருந்துதான் காரணம் என்று கண்டார்கள். இப்போது டைபினைலமீன் போன்ற நிலைப்படுத்தி சேர்ப்பதால் நல்ல மருந்து குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் பல ஆண்டு இருக்கும். டின்னைத் திறக்கும்போது புளித்த, மூக்கை அரிக்கும் மணம் வந்தால், செம்பழுப்புத் தூள் தெரிந்தால், அந்த மருந்து முடிந்தது.

கேள்வி: உன்னிச்சைப் பக்கம் வயல். பன்றிக்காக லைசென்ஸோடு 12 போர் துவக்கு இருக்கிறது. தோட்டா விலை தாங்க முடியவில்லை. வெளிநாட்டில் செய்வதுபோல வெற்றுத் தோட்டாவை வீட்டில் நிரப்பினால் என்ன? – விவசாயி, உன்னிச்சை

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும் அண்ணன். விளைந்த வேளாண்மையை ஒரே இரவில் பன்றி உழுதுவிட்டுப் போனதை இந்தப் பக்கத்தில் பார்க்காதவர் இல்லை. ஆனாலும் வேண்டாம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் நடைமுறையில் இருக்கின்றன. அனுமதியில்லாமல் வெடிமருந்து வைத்திருந்தாலே வழக்கு, லைசென்ஸும் போகும், துவக்கும் போகும்.

சட்டத்தை விடுங்கள், கைவேலையாகப் பார்த்தாலும் ஆபத்து. மேலே சொன்ன ரைபிள் கதையை அப்படியே திருப்பிப் போட்டால் 12 போர் வரும். குழல் அகலம் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர், சுவர் மெல்லியது, தாங்கும் வரம்பு சதுர அங்குலத்துக்கு 11,500 இறாத்தல்தான். அதனால் அதற்குச் செய்த மருந்து மிக வேகமாக எரியும் வகை, கொஞ்சமே போதும், கொஞ்சம் தவறினாலும் குழல் பிளக்கும். பழைய ஆட்கள் கரிமருந்தைக் கிண்ணத்தால் அளந்து போட்ட பழக்கம் இன்னும் சிலர் நினைவில் இருக்கிறது. அதே கிண்ணத்தால் புகையில்லா மருந்தை அளந்தால் துவக்குப் பிடிக்கிற கை இருக்காது. வெளிநாட்டில் நிரப்புகிறவர்கள் தராசும், சோதித்த அளவும், கடையில் முத்திரையோடு வாங்கிய மருந்தும் வைத்துச் செய்கிறார்கள். இங்கே இந்த மூன்றுமே உங்கள் கைக்கு வராது.

யாராவது பன்றிக்கு ஹக்கபட்டாஸ் வை என்று சொன்னால் அதையும் கேட்காதீர்கள். பூசணிக்குள்ளும் வெள்ளரிக்குள்ளும் மறைத்து வைக்கும் அந்த வெடியை யானைக்குட்டிதான் கடிக்கிறது. வாய் சிதறி, தின்ன முடியாமல், நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. மனிதர் செய்யக் கூடிய வேலை இல்லை அது. யானைக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தில் யானை வெடி கேட்டுப் பெறலாம். பன்றிக்கு வரம்பைச் சுற்றிக் கம்பிவலையும் இரவுக் காவலும்தான் என் அனுபவத்தில் நின்று பிடித்தவை. தோட்டா விலையை உங்கள் கமக்காரர் அமைப்பின் மூலம் மாவட்டச் செயலகத்தில் எழுத்தில் கொடுங்கள், தனி ஆளாகப் போய் நிற்பதைவிட அது எடுபடும்.

கேள்வி: தோட்டம் கொத்தும்போது பழைய ரவைகள் கொஞ்சம் வந்தன. பித்தளையை விற்கலாமா? – வாசகர், வாகரை

தொடவே வேண்டாம். மண்வெட்டியை வைத்துவிட்டு, இடத்தில் கொடியோ தடியோ நட்டு, பிள்ளைகளை விலக்கி, 119க்கு அழையுங்கள். கறள் பிடித்த ரவைக்குள் மருந்து இன்னும் உயிரோடு இருக்கலாம். ரவை கிடந்த இடத்தில் வேறு என்ன கிடக்கும் என்றும் சொல்ல முடியாது. பழைய இரும்புக் கடைக்காரர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கும் மச்சான் அடுத்த மாதம் வருகிறார். நல்ல மருந்து ஒரு டின் கொண்டுவரச் சொல்லலாமா? – வாசகர், திருக்கோவில்

முடியாது. புகையில்லா மருந்தைக் கைப்பையிலோ பெரிய பெட்டியிலோ விமானத்தில் பயணிகள் கொண்டுபோகவே கூடாது, டின் சின்னது என்பதால் விலக்கு இல்லை. கேப்புகளுக்கும் இதே விதிதான். நிரப்பிய தோட்டாவை விமானக் கம்பனியின் முன்அனுமதியோடு பெரிய பெட்டியில் 5 கிலோ வரை அனுமதிப்பார்கள், ஆனால் அதை இங்கே இறக்க இலங்கை அரசின் அனுமதி தனியாக வேண்டும். அது இல்லாமல் கட்டுநாயக்கவில் இறங்கினால் விடுமுறை முழுவதும் நீதிமன்ற வாசலில்தான். மச்சான் டின்னை அங்கேயே பூட்டி வைத்துவிட்டு வரட்டும்.